அரித்துப்போன அறுபது பிளேடுகள்

ஜெபிதா துண்டைப் பிரித்தபோது பேச்சிராஜுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. விடிந்தும் விடியாமலும் ஒரு பெண் மாடியேறி வந்து, "விஷயம் போலீஸ் வரைக்கும் போகப் போகுது அக்கா" என்று அழுதால், துண்டுக்குள் குறைந்தபட்சம் ஒரு கத்தியாவது இருக்கும் என்று எவனும் எதிர்பார்ப்பான். இருந்தது விரல் நீளத்தில் வளைந்த ஓர் உலோகத் தகடு. அதன் அடிப்பாகம் சாம்பல் நிறத்தில் வழவழப்பாக இருந்தது. மேல்பாகம் பச்சையும் கறுப்புமாகப் பொங்கி, தொட்டால் உதிரும் நிலையில் இருந்தது.

ஞானபூரணம் அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தடய அறிவியல் ஆய்வகத்தில் உலோகப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றுச் சங்கரன்கோவிலுக்கே திரும்பி வந்தவர் அவர். கீழே செல்போன் கடை வைத்திருக்கும் பேச்சிராஜ், யாரும் கேட்காமலேயே தன்னை அவருடைய உதவியாளனாக நியமித்துக்கொண்டவன். சம்பளம் கிடையாது. திட்டு மட்டும் ஒழுங்காகக் கிடைக்கும்.

"டர்பைன் பிளேடு" என்றார் ஞானபூரணம். "யாரோடது?"

"கருத்தப்பாண்டி அண்ணாச்சி மில்லுல உள்ளது அக்கா. டீசல்ல ஓடுத சின்ன டர்பைன். மில்லுக்குக் கரண்டும் குடுக்கும், அந்தச் சூட்டுலயே சாயப்பட்டறைக்கு ஆவியும் குடுக்கும். அறுபது பிளேடுக்கும் நான்தான் அலுமினியப் பூச்சு போட்டுக் குடுத்தேன்."

ஜெபிதா பெங்களூரில் எஞ்சின் தொழிற்சாலையில் பூச்சு வேலை கற்றவள். புளியங்குடி சாலையில் சொந்தமாக ஓர் உலை போட்டுப் பட்டறை நடத்துகிறாள். பிளேடுகளை அலுமினியப் பொடிக்குள் புதைத்துச் சூடாக்கினால், அலுமினியம் உலோகத்தின் மேல்தோலுக்குள் இறங்கிவிடும். அதுதான் அவள் தொழில்.

"நாலு வருஷம் தாங்க வேண்டிய பூச்சு. ஒரு வருஷம்கூட ஆகல, ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தி டர்பைன் நின்னு போச்சு. கழட்டிப் பாத்தா அறுபதும் இப்படி இருக்கு. நான் பூச்சே போடாம வெள்ளி பெயின்ட் அடிச்சு ஏமாத்திட்டேன்னு அண்ணாச்சி சொல்லுதாவ. கோயம்புத்தூர்ல எனக்கு வேலை குடுக்குத ரெண்டு கம்பெனிக்கும் போன் போட்டுச் சொல்லிட்டாவ. இன்னைக்குச் சாயங்காலம் ஸ்டேஷன்ல கம்ப்ளைண்ட் குடுக்கப் போறாவளாம். கொடுத்துட்டா பட்டறைய மூட வேண்டியதுதான். ஏமாத்துக்காரின்னு பேரு வந்தப்புறம் எவன் அக்கா என்கிட்ட பிளேடைக் குடுப்பான்?"

"டர்பைனைப் பார்த்துக்கிடுறது யாரு?"

"ஃபோர்மேன் சுந்தரராஜ். எங்க சித்தப்பாதான். இந்த வேலைய வாங்கிக் குடுத்ததே அவியதான். பாவம், மொதலாளிக்கும் எனக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்காவ. ஒரு வார்த்தை பேச முடியல அவியளால."

ஞானபூரணம் எழுந்து மேசைக்குப் போனார். ஜெபிதா குறுக்காக அறுத்துக் கொண்டுவந்திருந்த இன்னொரு பிளேடின் துண்டைத் தன் பழைய நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். காபி ஆறும்வரை பார்த்தார். பேச்சிராஜுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"என்ன அக்கா தெரியுது?"

"வந்து பாரு மக்கா. அடிப்பாகத்துல ஒரு வெளிர் கோடு தெரியுதா? அதுதான் பூச்சு. உலோகத்துக்குள்ள வேர்விட்டு இறங்கியிருக்கு. பெயின்ட் இப்படி இறங்காது. இந்தப் பிள்ளை பொய் சொல்லல."

ஜெபிதா முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகை நின்றதும் நிமிர்ந்து, "இதை எழுதிக் குடுத்திருவியளா அக்கா?" என்றாள்.

"குடுப்பேன். ஆனா பூச்சு போட்டது மட்டமான பூச்சுன்னு சொல்லுவாரு. அதுக்கும் பதில் வேணும்ல? மேல போகப் போக இந்தக் கோட்டைக் காணோம். யாரோ தின்னிருக்காங்க."

"எலியா அக்கா?" என்றான் பேச்சிராஜ்.

அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தார். "சூட்டுல பூச்சுல உள்ள அலுமினியம் காத்தோட சேர்ந்து மேல மெல்லிசா ஒரு ஆக்சைடு தோல் கட்டும். காயத்துல பொருக்கு கட்டுமே, அது மாதிரி. அந்தத் தோல் இருக்குற வரைக்கும் உள்ள இருக்குற நிக்கலை, அதாவது பிளேடோட உலோகத்தை, நெருப்பு ஒண்ணும் செய்யாது. கீறல் விழுந்தாலும் மறுபடி கட்டிக்கும். ஆனா ஒருத்தன் பொருக்கைப் பிச்சுக்கிட்டே இருந்தா? அந்த வேலையைச் செய்றது உருகின உப்பு. டீசல்ல கந்தகம் எப்பவும் கொஞ்சம் இருக்கும். அதோட எங்கிருந்தாவது சோடியம் வந்து சேர்ந்தா சோடியம் சல்பேட் ஆகி, பிளேடு மேல படிஞ்சு, அந்தச் சூட்டுல உருகி, ஆக்சைடைக் கரைச்சிரும். அலுமினியம் மறுபடி கட்டும், உப்பு மறுபடி கரைக்கும். அலுமினியம் தீர்ந்துச்சுன்னா நிக்கல்தான் அதுக்குச் சாப்பாடு."

"கடல் தூத்துக்குடியில இருக்கு. இங்கன உப்பு எப்படி அக்கா வரும்?"

"அதைத்தான் பார்க்கப் போறோம். ஜெபிதா, நீயும் வா. வண்டியை எடு."

ஆடிக் காற்று ஆளைத் தள்ளியது. மில் வாசலில் ஒரு தண்ணீர்ப் பந்தல் இருந்தது. கும்பிட்ட கையோடு கருத்தப்பாண்டி சிரிக்கும் பிளக்ஸ் காற்றில் படபடத்தது. அதன் அடியில் இருந்த குழாய் காய்ந்து கிடந்தது. இரண்டு பிளாஸ்டிக் குடங்களோடு வந்த ஒரு பெண் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு, பிளக்ஸைப் பார்த்தே திட்டினாள்.

"சித்திரையில இருந்து அருமையான தண்ணி குடுத்தாவ. இப்ப மெஷின் ரிப்பேராம், தபசுக்கு முந்தி மூடுனவுக இன்னும் தொறக்கல. எங்க தெரு தண்ணிய வாயில வைக்க முடியுமா? உப்பு, உப்பு, வெறும் உப்பு."

"ஆமாக்கா, ஆமா" என்று பேச்சிராஜ் நகர்ந்தான். அவன் கண் முழுக்க உள்ளே நின்ற டீசல் லாரி மேல் இருந்தது. உப்புத் தண்ணீர் கலந்த டீசல்! வழக்கு முடிந்தது என்றே அவன் நினைத்தான். அக்காவிடம் சொல்லாமல், லாரிப் பக்கம் நின்ற டீசல் வியாபாரி, கடையநல்லூர் முகம்மது ஆரிப்பிடம் போய் மீசையை முறுக்கினான்.

"பாய், டீசல்ல என்ன கலந்திய?"

ஆரிப் பதறிவிட்டார். "ஏன் தம்பி, நீயுமா? அல்லா மேல சத்தியமா ஒரு சொட்டு தண்ணி கலக்கல. மொதலாளி காலையில இருந்து என்னைய நிக்க வச்சிருக்காரு. ஒண்ணு அந்தப் பிள்ளை திருடி, இல்ல நான் திருடங்கிறாரு. இதே டீசல்தான் நாலு மில்லுக்கு ஊத்துதேன், கேட்டுப் பாரு."

சுந்தரராஜ் அவர்களை டர்பைன் கூடத்துக்கு அழைத்துப் போனார். ஐம்பதைத் தாண்டிய, நிதானமான மனிதர். சட்டைப் பையில் சின்ன வேதப்புத்தகம். ஜெபிதாவின் தோளைத் தட்டி, "எல்லாம் சரியாப் போகும் ஜெபி" என்றார். சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மகள் மாதிரி வளர்த்த பிள்ளை, எப்படிப் பார்ப்பார் என்று பேச்சிராஜ் நினைத்துக்கொண்டான்.

காற்று உள்ளே வரும் வழியை ஞானபூரணம் முதலில் இருந்து காட்டச் சொன்னார். முதலில் தூசியைப் பிடிக்கும் ஃபில்டர். அதற்குப் பின்னால், வெயில் காலத்தில் காற்றைக் குளிர்விக்கத் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும் அட்டை பேட்கள். அதற்கும் பின்னால், காற்றை அழுத்தும் கம்ப்ரஸர். அப்புறம் டீசல் எரியும் அறை. கடைசியில்தான் டர்பைன்.

"பேடுக்கு என்ன தண்ணி?"

"ஆர்.ஓ. தண்ணிதான் மேடம், வேற தண்ணியே விடமாட்டோம். அந்தா, மெஷின் ஓடிக்கிட்டுதான் இருக்கு." மூலையில் ஆர்.ஓ. எந்திரம் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. தண்ணீரின் சுத்தத்தைக் காட்டும் மீட்டரில் நல்ல எண்தான் தெரிந்தது.

"பேட் புதுசா இருக்கே?"

"பழசு கிழிஞ்சிருச்சு. எரிச்சாச்சு."

ஞானபூரணம் கையுறை மாட்டிக்கொண்டார். காய்ச்சி வடித்த தண்ணீரில் பஞ்சை நனைத்து, ஃபில்டரின் உட்புறத்தை ஒரு துடைப்பு, திறந்து கிடந்த கம்ப்ரஸரின் முதல் வரிசைப் பிளேடுகளை ஒரு துடைப்பு. தனித்தனிக் குப்பியில் போட்டார். பேடுகளுக்குத் தண்ணீர் போகும் தொட்டியில் இருந்தும் கொஞ்சம் தண்ணீர் எடுத்துக்கொண்டார். தொட்டிக்கு வரும் குழாயின் ஒரு மூட்டில் மட்டும் வெள்ளை டேப் பளிச்சென்று இருந்தது. இரண்டு பக்கமும் பழைய பெயின்ட். அதை விரலால் ஒரு தடவை தடவிவிட்டு, "எல்லாரையும் கேன்டீனுக்கு வரச் சொல்லு மக்கா. அண்ணாச்சியையும்" என்றார்.

கருத்தப்பாண்டி வரும்போதே கத்திக்கொண்டுதான் வந்தார். கையில் கம்ப்ளைண்ட் தயாராக இருந்தது.

"யம்மா, உங்க மேல மரியாதை இருக்கு. அதுக்காக இந்தப் பிள்ளைய விட்டுர முடியாது. மில்லு நின்னு கெடக்கு. ஏமாத்துனவ உள்ள போயே ஆகணும்."

"போகலாம் அண்ணாச்சி. முதல்ல ஸ்டவ்வைப் பத்த வைக்கச் சொல்லுங்க."

கேன்டீன் அடுப்பு நீலமாக எரிந்தது. ஞானபூரணம் நிதானமாகப் பேசினார். பூச்சு உலோகத்துக்குள் இறங்கியிருப்பதையும், அதைத் தின்றது உருகிய உப்பு என்பதையும் சொன்னார். கருத்தப்பாண்டி உடனே ஆரிப் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீதாம்வே! டீசல்ல உப்புத் தண்ணிய ஊத்திருக்க!"

"நானும் அதைத்தான் சொன்னேன்" என்றான் பேச்சிராஜ், பெருமையாக.

"ரெண்டு பேரும் பொறுங்க" என்றார் ஞானபூரணம். "டீசல் எங்க வந்து சேருது? கம்ப்ரஸருக்கு அப்புறம். டீசல்ல உப்பு இருந்திருந்தா டர்பைன் பிளேடு அரிச்சிருக்கும், கம்ப்ரஸர் சுத்தமா இருந்திருக்கும். இப்பப் பாருங்க."

சுத்தமான கம்பியின் நுனியைக் கம்ப்ரஸர் குப்பியில் தோய்த்து அடுப்பில் காட்டினார். நீல நெருப்பு மஞ்சளாகச் சீறி எழுந்தது. ஆரிப் "அல்ஹம்துலில்லாஹ்" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"சோடியம் இருந்தா நெருப்பு இப்படித்தான் மஞ்சளாகும். உப்பு காத்தோடதான் உள்ள போயிருக்கு."

"சாயப்பட்டறையில மூட்டை மூட்டையா உப்பு இருக்கே அக்கா! ஆடிக் காத்துல பறந்து போயிருக்குமோ?" பேச்சிராஜ் விடுவதாக இல்லை.

"நல்ல கேள்வி." அவன் வாழ்நாளில் அவர் வாயிலிருந்து அவன் கேட்ட முதல் பாராட்டு அது. "பறந்து வந்த உப்பு ஃபில்டரைத் தாண்டியிருக்கணும். இது ஃபில்டரோட உட்புறத்துல துடைச்ச பஞ்சு." கம்பியைக் கழுவிச் சுட்டுவிட்டு, அடுத்த குப்பியில் தோய்த்துக் காட்டினார். நெருப்பு நீலமாகவே நின்றது.

"ஃபில்டர் வரைக்கும் உப்பு இல்ல. கம்ப்ரஸர்ல உப்பு இருக்கு. நடுவுல என்ன இருக்கு?"

"தண்ணி" என்றாள் ஜெபிதா, மெதுவாக.

"அதெப்படி?" கருத்தப்பாண்டி மேசையைத் தட்டினார். "அது ஆர்.ஓ. தண்ணி! காட்டுங்க, தொட்டித் தண்ணியக் காட்டுங்க!"

காட்டினார். நீலம். கருத்தப்பாண்டி வெற்றியோடு சுற்றிலும் பார்த்தார். அக்கா முதல்முறையாகக் கோட்டைவிட்டுவிட்டாரே!

"இன்னைக்குத் தண்ணி சுத்தந்தான்" என்றார் ஞானபூரணம். "சித்திரையில இருந்து என்ன தண்ணி ஓடுச்சுங்கிறதுதான் கேள்வி. அண்ணாச்சி, வாசல்ல பந்தல் குழாயை ஏன் மூடுனீங்க?"

"ஆர்.ஓ. மெஷின் ரிப்பேர்னு சுந்தரராஜ் சொன்னாரு. அதுக்கும் இதுக்கும் என்ன?"

"மெஷின் ஓடிக்கிட்டுதான் இருக்குன்னு இப்பத்தான் எனக்குக் காட்டுனாரு. ரிப்பேரே இல்ல. அதைவிடப் பெரிய சங்கதி ஒண்ணு. டர்பைன் நின்னா பேடுக்குத் தண்ணி வேண்டாம். நல்ல தண்ணி முழுசும் மிச்சம். பந்தலுக்குத் தாராளமா விடலாம். அந்த நேரம் பார்த்தா ஒருத்தர் குழாயை மூடுவாரு? பந்தலையும் டர்பைனையும் சேர்த்து யாரும் நினைச்சிரக் கூடாதுன்னு பயந்தவர்தான் மூடுவாரு. பேடை எரிச்சதும், குழாயை மாத்தி மாட்டிப் புது டேப் சுத்தினதும் அதே பயந்தான்."

எல்லோர் கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது. ஜெபிதாவின் கண் மட்டும் போகவில்லை. அவள் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு ஏதாவது பெயர் வராதா என்பதுபோல. பேச்சிராஜுக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை.

"அண்ணாச்சி, பந்தல் திறந்தப்போ தண்ணி பத்தாதுன்னு இவர் சொல்லலையா?" என்று கேட்டார் ஞானபூரணம்.

கருத்தப்பாண்டியின் குரல் இறங்கியது. "சொன்னாரு. மெஷின்ல வாரது டர்பைனுக்கே சரியா இருக்கும்னாரு. ஊரே பாக்கப் பந்தல் தொறக்கேன், எப்படியாவது சமாளியும்வேன்னு சொன்னேன்."

"சமாளிச்சேன்" என்றார் சுந்தரராஜ். எழுந்து நின்றிருந்தார். "பந்தலுக்கு ஆர்.ஓ. தண்ணிய விட்டுட்டு, பேடுக்குச் சாயப்பட்டறை சாஃப்ட்னர் தண்ணியத் திருப்பிவிட்டேன். அது நல்லா நுரைக்கும். பேடுல வெள்ளையே கட்டல. சுத்தமான தண்ணின்னுதான் நெனச்சேன் மேடம். கெடுக்கணும்னு செய்யல."

"நம்ம ஊர்ல எல்லாரும் அப்படித்தான் பார்ப்போம்" என்றார் ஞானபூரணம். "சோப்பு நுரைச்சா நல்ல தண்ணி, பாத்திரத்துல வெள்ளை படியலைன்னா நல்ல தண்ணி. சாஃப்ட்னர் வெள்ளை படியுற சுண்ணாம்பை எடுத்துட்டு, அந்த இடத்துல சோடியத்தைப் போட்டு அனுப்பும். சாயத்துக்கு அது அமிர்தம். டர்பைனுக்கு விஷம். சாதாரண போர் தண்ணியை விட்டிருந்தாக்கூட வெள்ளை கட்டி உங்களை எச்சரிச்சிருக்கும். அது தெரியாமச் செஞ்ச தப்பு. எப்பத் தெரிஞ்சுது?"

சுந்தரராஜ் தரையைப் பார்த்தார். "கம்ப்ரஸரைத் தொறந்த அன்னைக்கு. மெல்லிசா ஏதோ படிஞ்சிருந்துச்சு. நாக்குல வச்சுப் பாத்தேன். கரிச்சுது."

"அப்ப அன்னைக்கே தெரியும்" என்றாள் ஜெபிதா. "என் மேல பழி விழுததுக்கு முந்தியே தெரியும்."

"சொல்லத்தான் ஜெபி வந்தேன். அதுக்குள்ள அண்ணாச்சி பூச்சுதான் காரணம்னு கத்த ஆரம்பிச்சிட்டாரு. இன்னைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு..."

கருத்தப்பாண்டி தொண்டையைக் கனைத்தார். கம்ப்ளைண்ட் காகிதம் அவர் கையில் நான்காக மடிந்துவிட்டிருந்தது. "சரி, நடந்தது நடந்து போச்சு. நான் ஸ்டேஷனுக்குப் போகல. இது வெளிய தெரிஞ்சா எனக்கும் அசிங்கம். நாலு சுவத்துக்குள்ள முடிச்சுக்குவோம். என்ன தாயி?"

"கோயம்புத்தூருக்கு நாலு சுவத்துக்குள்ள இருந்தா அண்ணாச்சி போன் பண்ணினிய?" என்று நிமிர்ந்து கேட்டாள் ஜெபிதா. "இப்பப் போடுங்க. ரெண்டு கம்பெனிக்கும். நான் கேக்கும்படியா ஸ்பீக்கர்ல போட்டுச் சொல்லுங்க. பூச்சு நல்ல பூச்சு, தப்பு எங்க மில்லுலன்னு."

பெரிய மனிதரின் முகம் சுருங்கியது. போனை எடுத்தார், பார்த்தார், மேசை மேல் வைத்தார். ஊருக்கே தண்ணீர் வார்த்தவருக்கு இரண்டு வாக்கியம் வாயில் வரவில்லை. பேச்சிராஜுக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் ஆத்திரம் வந்தது.

மேசையில் இருந்த போனை சுந்தரராஜ் எடுத்தார். "நம்பரைப் போட்டுக் குடுங்க அண்ணாச்சி. நான் பேசுதேன்."

ஸ்பீக்கரில் மணி அடித்தது. மறுமுனையில் ஆள் வந்ததும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். "சார், கருத்தப்பாண்டி மில் ஃபோர்மேன் சுந்தரராஜ் பேசுதேன். ஜெபிதா போட்ட பூச்சுல ஒரு குறையும் இல்ல. தப்பான தண்ணிய விட்டு பிளேடைக் கெடுத்தது நான். அது தெரிஞ்சும் அவ மேல பழி போறதைப் பாத்துக்கிட்டு வாய மூடிக்கிட்டு இருந்ததும் நான்தான்." மறுமுனை ஏதோ கேட்டது. "ஆமா சார். என் பேரைப் போட்டே எழுதிக் குடுக்கேன்." இரண்டாவது எண்ணுக்கும் அதையே, ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னார். சொல்லி முடித்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஜெபிதா பிளேடைத் துண்டில் சுற்றிக்கொண்டு எழுந்தாள். ஞானபூரணம் அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வாசல் வரை போனவளைச் சுந்தரராஜ் கூப்பிட்டார்.

"ஜெபி... ஞாயித்துக்கிழமை ஆராதனைக்குக் கோயிலுக்கு வருவியாம்மா?"

அவள் திரும்பினாள். எவ்வளவோ சொல்லலாம் என்று தோன்றியிருக்க வேண்டும். முகத்தில் அத்தனையும் வந்து போனது.

"வருவேன் சித்தப்பா. ஆனா உங்க பெஞ்சுல உக்கார மாட்டேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சுந்தரராஜ் தலையை ஆட்டினார், அதுதான் நியாயம் என்பதுபோல. அப்புறம் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். பேச்சிராஜ் அக்காவைப் பார்த்தான். அவர் அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு தம்ளரில் தண்ணீர் பிடித்துக் கொண்டுபோய் அந்த மனிதர் கையில் கொடுத்தார்.